உள்ளே முதலில், வெளியே அப்புறம்: ஸ்போர்ட்ஸ் காருக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்

கேள்வி: இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆர்டர் செய்யப் போகிறேன். நிறுவனத்தின் இணையதளத்தில் நிறங்களை மாற்றி மாற்றிப் பார்த்தே மூன்று வாரம் போய்விட்டது. சிவப்பு, அடர் நீலம், சாம்பல் என்று மூன்றில் வந்து நிற்கிறேன். காலையில் ஒன்று பிடிக்கிறது, ராத்திரி வேறொன்று பிடிக்கிறது. உள்ளே என்ன நிறம் போடுவது என்று இன்னும் யோசிக்கவே இல்லை. எப்படி முடிவெடுப்பது?

பதில்: திரையை மூடிவிட்டு வெளியே கிளம்புங்கள். அந்தப் படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்ய முடியாது. மெட்டாலிக் பெயின்டுக்குள் பொடிப்பொடியான அலுமினியச் செதில்கள் இருக்கும். முத்துப் பளபளப்புள்ள பேர்ல் பெயின்டில் மைக்கா என்ற கனிமத்தின் செதில்கள். நிற்கிற இடமும் வெயிலும் மாற மாற அவை வேறு விதமாக மின்னும். ஒரே கதவில் மேல் பாதி வெளிறியும் கீழ்ப் பாதி கருத்தும் தெரியும். தட்டையான திரை அதைக் காட்டாது.

உங்கள் பட்டியலில் அடர் நீலம் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் கார் பார்க்கப் போனபோது துணைக்குப் போயிருந்தேன். அவர் கேட்டதும் அடர் நீலம்தான். ஷோரூம் விளக்கில் அது சுத்தமாகக் கறுப்பு. வெயிலுக்குக் கொண்டுவரச் சொன்னோம். பின் சக்கரத்துக்கு மேலே இருந்த வளைவில் மட்டும் மயில்கழுத்து மாதிரி நீலம் எழுந்தது. அப்படி ஓர் அழகு. ஒரு மேகம் வந்தது, மறுபடி கறுப்பு. நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு படி வெளிர்ந்த நீலத்தை எடுத்தார். மேகமூட்டமான நாளிலும் அது நீலமாகவே தெரிகிறது. நீலம் வேண்டும் என்று வாங்குகிறவருக்கு அதுதானே முக்கியம்?

அதனால் நீங்கள் யோசிக்கிற மூன்று நிறத்திலும் நிஜமான கார் எங்கே நிற்கிறது என்று விசாரியுங்கள். அதே மாடல் கிடைக்காவிட்டால், அதே நிறுவனத்தின் வேறு மாடல் அதே நிறத்தில் இருந்தாலும் போதும். உச்சி வெயிலில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாருங்கள். இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். பல நிறுவனங்கள் வளைவான சின்னப் பொம்மை மாதிரி ஒரு மாதிரித் துண்டுக்கு அதே பெயின்ட் அடித்து வைத்திருக்கும். உள்ளங்கை அகலத் தட்டை அட்டையைவிட அது பல மடங்கு உண்மை சொல்லும். கேட்டு வாங்கி வெயிலில் திருப்பிப் பாருங்கள்.

வடிவத்தையும் கணக்கில் எடுங்கள். வெள்ளி நிறமும் வெளிர் சாம்பலும் ஒவ்வொரு மடிப்பையும் வரைந்து காட்டிவிடும். கறுப்பில் மடிப்பு மறைந்துபோய், வானமும் மரமும் பிரதிபலிப்பதுதான் தெரியும். வெள்ளையில் கறுப்பு கிரில், காற்றுத் துளைகள், பின் பம்பருக்குக் கீழே காற்றை வழிநடத்தும் டிஃப்யூசர் எல்லாம் எடுப்பாகத் துருத்தி நிற்கும். உங்கள் காரில் கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்கள் நிறைய இருந்து அவை பிடிக்கவும் இல்லை என்றால், அடர் சாம்பல் அவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிவப்பு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தக் காலப் பந்தயங்களில் நாட்டுக்கொரு நிறம் இருந்தது: இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், பிரிட்டனுக்குப் பச்சை, ஜெர்மனிக்கு முதலில் வெள்ளை, 1930களிலிருந்து வெள்ளி. சிவப்பு ஃபெராரியோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். ஆனால் அதன் சின்னத்தில் குதிரைக்குப் பின்னால் இருப்பது மோடெனா நகரத்தின் மஞ்சள். 1964ல் பந்தய அதிகாரிகளோடு ஏற்பட்ட சண்டையில், அந்த ஆண்டின் கடைசி இரண்டு ஃபார்முலா 1 பந்தயங்களுக்கு ஃபெராரி கார்கள் நீலமும் வெள்ளையுமாகத்தான் வந்தன. அந்த நிறத்தில்தான் ஃபெராரி ஓட்டுநர் ஜான் சர்டீஸ் உலக சாம்பியன் ஆனார். ஃபெராரியே மாற்றியிருக்கிறது என்றால், சிவப்பு பிடித்திருந்தால் மட்டும் நீங்கள் சிவப்பு வாங்கினால் போதும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உள் நிறத்தை முதலில் முடிவு செய்யுங்கள். வெளி நிறத்தை நீங்கள் பார்ப்பது காரை நோக்கி நடக்கும்போதும் இறங்கித் திரும்பிப் பார்க்கும்போதும்தான். ஓட்டுகிற நேரம் முழுக்கக் கண் முன்னால் இருப்பது டேஷ்போர்டும் ஸ்டியரிங்கும் கதவின் உட்புறமும். அதோடு, வெளியே பத்துப் பன்னிரண்டு நிறம் தருகிற நிறுவனம்கூட உள்ளே மூன்று நான்குதான் தரும். சின்னப் பட்டியலை முதலில் முடித்தால் பெரிய பட்டியல் தானாகவே சுருங்கும்.

உங்கள் மூன்றுக்கும் என் ஜோடியைச் சொல்கிறேன். சாம்பலுக்கு உள்ளே அரக்குச் சிவப்பு; கதவைத் திறக்கும்போதெல்லாம் மனசு நிறையும். அடர் நீலத்துக்குத் தோல் பழுப்பு. வெளியே சிவப்பு என்றால் உள்ளே கறுப்பு. சிவப்புக்குச் சிவப்பு போடலாம், ஆனால் பெயின்டின் சிவப்பும் தோலின் சிவப்பும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து கொஞ்சம் மட்டும் மாறுபட்டால் பார்க்க உறுத்தும். இரண்டு மாதிரிகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்க்காமல் அதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்றில் எதை எடுப்பேன் என்று கேட்டால், சாம்பலும் அரக்கும்.

கேள்வி: உள்ளே முழுக்க க்ரீம் நிறத் தோல் வேண்டும் என்று ஆசை. வீட்டில் எல்லோரும் அழுக்காகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை. ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. க்ரீம் தோலுக்கு முதல் எதிரி மண்ணும் தூசியும் இல்லை, ஜீன்ஸ் பேன்ட். இண்டிகோ சாயம் நூலுக்குள் முழுதாக ஊறுவதில்லை, மேலாகவே தங்கும். அதனால்தான் ஜீன்ஸ் உரசி உரசி வெளுக்கிறது. வெளுத்த சாயம் போய் உட்காருவது உங்கள் சீட்டில்.

ஸ்போர்ட்ஸ் காரில் இது இன்னும் அதிகம். சீட் தரையோடு தாழ்ந்து இருக்கும், இரண்டு பக்கமும் தொடையைப் பிடித்துக்கொள்ளும் மேடு இருக்கும். ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஓட்டுநர் பக்கத்து வெளி மேட்டில் உடம்பு உரசிக்கொண்டுதான் போகும். சந்தேகமாக இருந்தால், க்ரீம் சீட் உள்ள பழைய கார் ஒன்றில் அந்த மேட்டை ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் லேசான நீலம் ஏறும். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். மேட்டின் தேய்மானத்துக்கும் மீட்டர் காட்டுகிற கிலோமீட்டருக்கும் பொருந்தவில்லை என்றால் கேள்வி கேளுங்கள்.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தோலுக்கான க்ளீனரால் மேட்டை மட்டுமாவது துடைத்துவிட்டால் கறை ஊறாது. புதிதாக இருக்கும்போதே பாதுகாப்புப் பூச்சு போட்டுவிடுங்கள். புது ஜீன்ஸை நாலைந்து தடவை துவைக்கும்வரை அந்தக் காருக்குள் கொண்டுபோகாதீர்கள்.

ஆனால் ‘முழுக்க’ என்கிறீர்களே, அதற்குத்தான் என் எதிர்ப்பு. டேஷ்போர்டின் மேல்பகுதி வெளிர் நிறமாக இருந்தால் வெயிலில் அது முன்கண்ணாடியில் பிரதிபலித்து, சாலைக்கும் உங்களுக்கும் நடுவில் பால் படிந்த மாதிரி ஒரு திரை விழும். ஸ்போர்ட்ஸ் காரில் முன்கண்ணாடி ரொம்பச் சாய்ந்திருப்பதால் தொந்தரவு கூடும். சீட்டும் கதவும் க்ரீம், டேஷ்போர்டு மேலேயும் தரைவிரிப்பும் அடர் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டியரிங்கில் தோல் நல்லதா, அல்கான்டாராவா?

பதில்: தினம் ஓட்டுவீர்கள் என்றால் தோல். அல்கான்டாரா என்பது தோல் இல்லை. பாலியஸ்டரும் பாலியூரத்தேனும் சேர்ந்த துணி. 1970ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, இத்தாலியில் தயாராகிறது. வழுக்காது, வெயிலில் மின்னாது, கைக்கு இதமாக இருக்கும். ஆனால் உள்ளங்கை எண்ணெய் ஏறஏற அதன் பூம்பஞ்சு படுத்துப்போய், கை பிடிக்கும் இரண்டு இடமும் பளபளவென்று ஆகிவிடும். மென்மையான பிரஷ்ஷும் ஈரத்துணியும் வைத்துப் பராமரிக்கத் தயார் என்றால் தாராளமாக வாங்குங்கள், கறுப்பில் மட்டும்.

கேள்வி: பளபளப்பே இல்லாத மேட் சாம்பல் நிறத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். விற்பனைப் பிரதிநிதி “ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டால் போதும்” என்று முடித்துக்கொண்டார். என்ன ஜாக்கிரதை என்று சொல்லவில்லை.

பதில்: அவர் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண பெயின்டில் நிறப்பூச்சுக்கு மேலே ஒளி ஊடுருவும் கிளியர் கோட் இருக்கும். அது தலைமுடி ஒன்றின் கனத்தைவிட மெலிசு. லேசான கீறல் விழுந்தால் அந்தப் படலத்தைத் துளித்துளியாக மெருகேற்றிச் சமன் செய்துவிடலாம். மேட் பூச்சில் அந்தப் படலத்தின் மேற்பரப்பே கண்ணுக்குத் தெரியாத அளவு சொரசொரப்பாக இருக்கும். ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால்தான் அந்த அடக்கமான தோற்றம். அதை மெருகேற்றினால் சொரசொரப்பு போய், தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும். திரும்ப மேட் ஆக்க முடியாது. சின்னக் கீறலுக்கும் அந்தக் கதவோ பானெட்டோ, அது முழுவதையும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான். பாலிஷ், பளபளப்புத் தரும் வேக்ஸ், சுழலும் பிரஷ் வைத்த தானியங்கி வாஷ் மூன்றும் கூடாது. பறவை எச்சம் விழுந்தால் மாலைவரை விடக் கூடாது, உடனே ஊறவைத்து எடுக்க வேண்டும்.

வேறு வழி இருக்கிறது. அதே சாம்பலைப் பளபளப்பான பெயின்டில் வாங்கி, மேலே மேட் வகைப் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளுங்கள். 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரத்தேன் படலம் அது. தோற்றம் ஏறக்குறைய அதேதான். கல் தெறித்தாலும் பெயின்டுக்கு முன்னால் ஃபிலிம் வாங்கிக்கொள்ளும். ஐந்தாறு வருஷம் கழித்து மேட் சலித்துவிட்டால் உரித்துப் போடலாம். மயங்கிய மனசுக்கும் இது சமாதானம்.

மேட் மட்டும் இல்லை, மஸ்டாவின் சோல் ரெட் கிரிஸ்டல் மாதிரி ஆழம் தெரிகிற சிவப்புகளிலும் இதே கவனம் வேண்டும். ஒளியைத் திருப்பியனுப்பும் ஓர் அடுக்கு, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு அடுக்கு, அதன்மேல் கிளியர் கோட். நடு அடுக்கின் கனம் கொஞ்சம் மாறினாலும் சிவப்பு மாறிவிடும். பம்பரை மட்டும் அடித்தால் பக்கத்துப் பாகத்தின் நிறத்தோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும். இந்த வகை நிறம் வாங்குகிறவர்கள், முன் பம்பருக்கும் பானெட்டின் முன்விளிம்புக்குமாவது முதல் வாரத்திலேயே ஃபிலிம் ஒட்டிவிடுங்கள். தாழ்ந்த மூக்குள்ள காரில் கல் படும் இடம் அதுதான்.

கேள்வி: மஞ்சள் பிடித்திருக்கிறது. விற்கும்போது ஆள் கிடைக்காது, வெள்ளையோ கறுப்போ வாங்கு என்கிறார்கள்.

பதில்: குடும்பக் கார் என்றால் அந்தப் பேச்சில் அர்த்தம் இருக்கிறது. உலகத்தில் விற்கும் கார்களில் பெரும்பகுதி வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளிதான். ஸ்போர்ட்ஸ் கார் சந்தை அப்படி இல்லை. அமெரிக்காவில் ஐசீகார்ஸ் நிறுவனம் 2023ல் பழைய கார்களின் விலைகளை ஆராய்ந்தபோது, மூன்று ஆண்டில் மதிப்பு மிகக் குறைவாக இறங்கிய நிறம் மஞ்சள்தான். உடனே மஞ்சள் என்றாலே லாபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மஞ்சளில் வருவதில் ஸ்போர்ட்ஸ் கார்கள் அதிகம், எண்ணிக்கையும் குறைவு. மதிப்பு நிற்பதற்கு அதுவும் காரணம். ஆனால் மஞ்சள் விலைபோகாது என்ற பயம் தேவையில்லை என்பதற்கு இது போதும். வாங்க வருகிறவர் பத்துப் பேருக்குப் பதில் மூன்று பேராக இருக்கலாம், ஆனால் அந்த மூன்று பேரும் மஞ்சளைத் தேடி வருகிறவர்கள். உள்ளே மட்டும் கறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியேயும் உள்ளேயும் தனி ருசி என்றால் அந்த மூன்று பேர் ஒருவராகிவிடுவார்.

கேள்வி: கறுப்புக் கார், உள்ளேயும் கறுப்பு. வெயிலில் நிஜமாகவே அவ்வளவு சுடுமா?

பதில்: சுடும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் கறுப்புக் கார் ஒன்றையும் வெள்ளி நிறக் கார் ஒன்றையும் ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி அளந்து 2011ல் வெளியிட்டது. கூரையில் 25 டிகிரி செல்சியஸ்வரை வித்தியாசம், உள்காற்றில் 5, 6 டிகிரி. கூரையை மடிக்கும் கார் என்றால் கறுப்புத் தோல் சீட் நேர்வெயிலில் தொடையைச் சுட்டுவிடும். வெளியே கறுப்புதான் வேண்டும் என்றால் சீட்டையாவது பழுப்புக்கு மாற்றுங்கள். கறுப்பில் துணி தேய்த்த சுழல் கீறல்களும் மற்ற எந்த நிறத்தையும்விட அதிகம் தெரியும், கழுவுகிறவர் கையைப் பொறுத்தது.

கேள்வி: சிவப்புக் காருக்கு இன்சூரன்ஸ் அதிகமா?

பதில்: இல்லை. மாடல், எஞ்சின், ஓட்டுநரின் வயது, பழைய விபத்துக் கணக்கு இவற்றைத்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: நிறமெல்லாம் முடிவாகிவிட்டது, வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. சக்கரமும், அதன் உள்ளே தெரியும் பிரேக் காலிப்பரும் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்)தான் பாக்கி. பளபளப்பான கறுப்புச் சக்கரமும் மஞ்சள் காலிப்பரும் போடலாமா?

பதில்: மஞ்சளை விட்டுவிடுங்கள். உள்ளே சிவப்பு இருக்கும்போது காலிப்பரும் சிவப்பாக இருந்தால் வெளியிலும் உள்ளேயும் ஒரு தொடர்பு வரும். சில நிறுவனங்களில் காலிப்பர் நிறத்துக்கு அர்த்தமும் உண்டு. போர்ஷேயில் மஞ்சள் என்றால், இரும்புக்குப் பதில் செராமிக் கலவை டிஸ்க் வைத்த செராமிக் பிரேக். சக்கரத்துக்குக் கறுப்பு வேண்டாம், அடர் வெள்ளி அல்லது சாம்பல் எடுங்கள். பிரேக் பிடிக்கும்போது இரும்பு டிஸ்க்கும் பேடும் தேய்ந்து பழுப்புக் கலந்த சாம்பல் தூள் பறந்து சக்கரத்தில்தான் ஒட்டும். பளபளப்புக் கறுப்பில் கழுவிய மறுநாளே அது தெரியும், சாம்பலில் வாரக் கடைசிவரை தாங்கும்.