ஓடுதளம் காய்ந்திருந்தாலும், விமானம் கிளம்பும் வேகத்துக்கும் எடைக்கும் ஈர ஓடுதளக் கணக்கைப் போட்டுக் கிளம்பினால் கூடுதல் பாதுகாப்புதானே?

பாதி சரி. மீதிப் பாதியில்தான் வில்லங்கம்.

வி-ஒன் (V1) என்பது கிளம்பும் ஓட்டத்தை நிறுத்தலாமா, தொடரலாமா என்று முடிவெடுக்கும் கடைசி வேகம். ஈரத்தில் பிரேக் பிடிக்காது. ஐப்பசி மழையில் புதுச்சேரியில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் ரிம்மில் ரப்பர் வழுக்கிக்கொண்டே போகும். அதனால் ஈரக் கணக்கில் வி-ஒன் பெரும்பாலும் குறைவாக வரும். காய்ந்த தளத்தில் அந்த வேகத்தில் பிரேக் போட்டால் தாராளமாக நிற்கும். அது லாபம்.

ஆனால் வி-ஒன் தாண்டியதும் ஒரு எஞ்சின் போனால்? மீதி வேகத்தை மற்ற எஞ்சினை வைத்தே எட்ட வேண்டும், ஓட்டம் நீளும். விதி இதற்கு ஈரத்தில் சலுகை தருகிறது: காய்ந்த கணக்கில் தூரம் முடியும்போது 35 அடி உயரம் வேண்டும், ஈரத்தில் 15 அடி போதும். முன்னது மூன்று மாடி வீடு. பின்னது மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்! புதுச்சேரி விமான நிலையமான லாஸ்பேட்டையின் ஓடுதளம் சுமார் 1500 மீட்டர்தான். இந்த மாதிரி இடத்தில் அந்த 20 அடி சின்ன விஷயமில்லை.

இன்னொன்று: நிறுத்தும் தூரத்துக்கு ஈரக் கணக்கில் ரிவர்ஸ் த்ரஸ்டையும் (எஞ்சின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பது) சேர்த்துக்கொள்ளலாம், காய்ந்த கணக்கில் கிடையாது. அதனால் சில சமயம் கிளம்பும் எடைக்கான வரம்பு ஈரக் கணக்கில்தான் அதிகமாக வந்து நிற்கும். அப்போது இரண்டில் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும்.

தளம் ஈரமா, இல்லையா என்றே சந்தேகம் என்றால் ஈரக் கணக்கு போடுவது வேறு கதை. அது சரியான பழக்கம்.