மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட்டேன்

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் உள்நாட்டுப் போர் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பத்து நாள் முன்பு வீட்டில் எல்லோரும் பார்த்தோம். கை வெட்டப்பட்டவர்களைக் கண்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. 'காட்டுமிராண்டிக் கூட்டம், அங்கே அப்படித்தான்' என்று சொல்லிவிட்டு என் கணவர் தூங்கப் போய்விட்டார். துப்பாக்கியோடு நின்ற சிறுவனைக் காட்டி, 'அவன் கெட்டவனாம்மா?' என்று கேட்கிறான் பதினொரு வயது மகன். வைரத்துக்காக நடந்த சண்டையாமே! 1982-ல் மாமியார் வாங்கிய வைர மூக்குத்தியை அன்றே கழற்றிவிட்டேன். நான் செய்தது சரியா?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: சோறு இறங்காதது நோயல்ல. இறங்கியிருந்தால்தான் எனக்குக் கவலை. உங்கள் கணவரையும் உடனே கோபிக்காதீர்கள். பார்க்க முடியாததைப் பார்த்துவிட்டால் சிலர் அழுவார்கள், சிலர் 'அவங்க அப்படித்தான்' என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆனால் அவர் சொன்னது தப்பு. ஏன் தப்பு என்பதை அவருக்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஏன் குறிப்பாகக் கையை வெட்டினார்கள் என்று கேளுங்கள். 1996-ல் அங்கே தேர்தல் வந்தது. 'எதிர்காலம் உங்கள் கையில்' என்று சொல்லி மக்களை ஓட்டுப்போட அழைத்தார்கள். தேர்தலே நடக்கக் கூடாது என்று நினைத்த கிளர்ச்சிப் படையான புரட்சிகர ஐக்கிய முன்னணி, அந்தக் கைகளையே வெட்டியது. முழுக்கையா, அரைக்கையா என்று சட்டைக்கு அளவு கேட்பதுபோலக் கேட்டுவிட்டு வெட்டினார்கள். இது வெறி பிடித்துச் செய்ததல்ல, கணக்குப் போட்டுச் செய்த அரசியல். மிரட்டலையும் மீறி அந்த மக்கள் வரிசையில் நின்று ஓட்டுப்போட்டார்கள். காட்டுமிராண்டிகள் என்று நாம் பேர் வைத்த அதே மக்கள்தான்.

அப்புறம் வைரம். 1991 மார்ச்சில் தொடங்கி 2002 ஜனவரி வரை போர் இழுத்துக்கொண்டே போனதற்கு வைரப் பணம் ஒரு பெரிய காரணம், உண்மைதான். எல்லை தாண்டி லைபீரியாவிலிருந்து கிளர்ச்சிக்காரர்களுக்குக் கைகொடுத்த அந்நாட்டு முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012-ல் ஐம்பது வருடச் சிறை கிடைத்தது. ஆனால் போருக்கு மூலகாரணம் வைரமில்லை என்பது சியரா லியோனின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் சொன்னது. பல வருட மோசமான ஆட்சி, ஊறிப்போன ஊழல், மறுக்கப்பட்ட உரிமைகள் ஆகியவற்றைத்தான் அது காரணமாகக் காட்டியது. படத்தில் இதைக் காட்டுவது கஷ்டம். ஊழலில் ரத்தம் தெரியாதே. அதனால் பார்ப்பவர் மனசில் கத்தியும் வைரக்கல்லும் மட்டும் தங்கிவிடுகின்றன.

மகனின் கேள்விதான் உங்கள் மூவரிலும் நல்ல கேள்வி. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கடத்தி, போதை கொடுத்து, கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள். போருக்குப் பிறகு அமைந்த சிறப்பு நீதிமன்றம் ஒரு சிறுவனைக்கூடக் கூண்டில் ஏற்றவில்லை. சிறுவர்களைப் படையில் சேர்த்த பெரியவர்களைத் தண்டித்தது. அப்படியே சொல்லுங்கள், அவனுக்குப் புரியும். இன்னொன்றும் சொல்லுங்கள்: போரில் கால் இழந்தவர்கள் தலைநகர் ஃப்ரீடவுனில் ஊன்றுகோலோடு கால்பந்து ஆடத் தொடங்கினார்கள். அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. களத்தில் ஓடுபவருக்கு ஒரு கால்தான், கோல்கீப்பருக்கு ஒரு கைதான். படத்தில் வெட்டுப்பட்டதோடு அவர்கள் கதை முடிந்துவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டு இருக்கக் கூடாது.

மூக்குத்திக்கு வருகிறேன். 1982-ல் வாங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போர் தொடங்கவே அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஆனது. பாவம், மாமியார் மீது என்ன குற்றம்? இனிமேல் வைரம் வாங்கினால் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இப்படிப் போருக்குப் பணமாகும் ரத்த வைரத்தைத் தடுக்கும் கிம்பர்லி சான்று 2003-லிருந்து இருக்கிறது. ஓட்டை இருக்கிற வலைதான், ஆனாலும் கேட்பவர் இருந்தால் விற்பவருக்கும் ஒரு பயம் இருக்கும்.

கழற்றிப் பத்து நாளாகிறது என்கிறீர்கள். சீக்கிரம் மாட்டுங்கள், துளை தூர்ந்துவிடப் போகிறது.