ஒரு அரியருக்காகத் தறியை விற்காதீர்கள்

போன வாரம் சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா, அம்மா, பையன். வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டு விசைத்தறி, கூலிக்கு ஓட்டுகிறார்கள். பையன் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு முடித்திருக்கிறான். இரண்டாம் செமஸ்டரில் எல்லாப் பேப்பரும் பாஸ். பொருள் நோக்கு நிரலாக்கம், அதாவது ஜாவா பேப்பரில் மட்டும் அரியர்.

"பையனுக்குக் கம்ப்யூட்டர் மண்டையில ஏறலீங் சார்" என்று ஆரம்பித்த அப்பா, மூச்சு விடாமல் மீதியையும் சொன்னார். அம்மாவின் அண்ணன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். இந்தக் காலேஜை நிறுத்திவிட்டு, கோயமுத்தூரில் பி.ஈ. ஏஐ–டேட்டா சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட். ஆள் இருக்கிறார்களாம். நன்கொடை தனி, வருஷத்துக்கு இரண்டரை லட்சம் தனி. அதற்காக நாலு தறியை விற்றுவிட்டு, வீட்டுப் பத்திரத்தையும் வைக்கத் தயாராக இருந்தார்கள்.

"பி.ஈ.ன்னு சொல்லாட்டி நாளைக்கு ஊருக்குள்ள என்னங் மரியாதை?" என்றார் அம்மா.

ஒரு அரியர்தானே, பயப்படாதீங்க என்றுதான் நானும் முதலில் சொன்னேன். தறி விற்கிற பேச்சு வந்ததும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஆறுதலுக்கு அங்கே வேலை இல்லை.

முதல் விஷயம், காலேஜ் மாறினால் பாடம் பின்னால் நின்றுவிடாது. எந்தக் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்தாலும் ஒரு வகைக்கான அச்சான இனக்குழுவும், அதிலிருந்து உண்டாக்கும் பொருளும், ஓர் இனக்குழு இன்னொன்றின் பண்புகளைப் பெறும் மரபுரிமமும் முன்னால் வந்து நிற்கும். இன்றைக்குப் புரியாததை இரண்டரை லட்சம் கட்டிப் படித்தாலும் அப்படியேதான் இருக்கும். இரண்டாவது, நாட்கணக்கு. புதிதாக பி.ஈ. சேர்ந்தால் இன்னும் நாலு வருஷம். இப்போதுள்ள பி.எஸ்சி.யில் மீதி இரண்டு வருஷம், அதன்மேல் கம்ப்யூட்டர் முதுகலைப் படிப்பான எம்.சி.ஏ. இரண்டு வருஷம். அதுவும் நாலு வருஷம்தான். முடிக்கும்போது கையில் முதுகலைப் பட்டம் இருக்கும், கொட்டகையில் எட்டுத் தறியும் இருக்கும். படித்த ஒரு வருஷமும் வீணாகாது. இந்தக் கணக்கை அவர்கள் வீட்டில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

அப்புறம் பையனிடம் பேசினேன். இந்தப் பாடத்தின் நாலு முக்கியக் கருத்துகளுக்கும் வரையறை கேட்டேன். நாலையும் இங்கிலீஷில் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தான். சரி என்று ஒரு தாளில் இரண்டு வரி எழுதினேன். முதல் வரியில் 'நியூ' போட்டு ஒரு தறியை உண்டாக்கி அதற்கு 'அ' என்று பேர். அடுத்த வரியில் 'ஆ' சமம் 'அ'. "இப்ப எத்தனை தறி இருக்குது கண்ணு?" என்றேன்.

"ரெண்டுங் சார்."

கோளாறு அங்கேதான் இருந்தது. தறி ஒன்றுதான், பேர்தான் இரண்டு. "உங்க அப்பா வடக்குத் தறின்னு சொல்றதையே ஓட்டுற ஆளு மூணாம் நம்பர்ன்னு சொல்வாரில்ல? வடக்குத் தறியில நூல் அறுந்தா மூணாம் நம்பர் ஓடுமா?" என்று கேட்டேன். பையன் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "அதான் சார் எனக்கு விடை மாறி மாறி வந்துச்சு" என்றான். மண்டையில் ஏறாத பிள்ளை இப்படிப் பேசமாட்டான்.

இவன் பிளஸ் டூவில் பயோ–மேத்ஸ் குரூப். கூடப் படிக்கும் பாதிப் பேர் கம்ப்யூட்டர் குரூப்பிலிருந்து வந்தவர்கள். நம் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் கணினி அறிவியலிலேயே சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழி வழியாக இனக்குழு, பொருளை உண்டாக்கும் ஆக்கி, மரபுரிமம், பல்லுருவாக்கம் எல்லாம் வந்துவிடுகிறது. இவன் வகுப்பில் உட்கார்ந்த முதல் நாளே ஜாவா நிரல் ஓடத் தொடங்கும் வரியான 'பப்ளிக் ஸ்டேடிக் வாய்ட் மெயின்' என்பதைப் போர்டில் எழுதி, காரணம் பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு பாடம் இருக்கிறது. புரியாமல் எழுதிப் பழகியவன் புரியாமலே பரீட்சைக்கும் போனான்.

நான் சொன்ன வழி இது. பிளஸ் ஒன் கணினி அறிவியல் தமிழ்வழிப் புத்தகத்தை இலவசமாக இறக்கி, பொருள் நோக்கு நிரலாக்கப் பகுதியை மட்டும் படிக்க வேண்டும். மொழி ஜாவா இல்லைதான், கருத்து அதேதான். தமிழில் ஒருமுறை புரிந்துவிட்டால் இங்கிலீஷ் வரையறை தானாக நிற்கும். அடுத்து 'புளூஜே' என்ற மென்பொருள். காசு கிடையாது. முதன்முதலாக இந்தப் பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கென்றே 1999இல் மைக்கேல் கோலிங்கும் ஜான் ரோசன்பர்க்கும் வெளிக்கொண்டு வந்தது. அதில் இனக்குழு ஒரு பெட்டியாகத் திரையில் நிற்கும். அதன்மேல் மவுஸை வைத்துச் சொடுக்கி ஒரு பொருளை உண்டாக்கினால், கீழே சிவப்பாக ஒரு கட்டம் வந்து உட்காரும். அதை இருமுறை சொடுக்கினால் உள்ளே இருக்கும் மதிப்பெல்லாம் தெரியும். 'மெயின்' எழுதாமலே ஒவ்வொரு செயலையும் தனியாக ஓட்டிப் பார்க்கலாம். எட்டுப் பொருள் உண்டாக்கினால் எட்டும் கண்ணெதிரே வரிசையாக நிற்கும். 'அ'வும் 'ஆ'வும் ஒரே தறியா என்ற சந்தேகம் அங்கே ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும், போன் போதாது. பழைய மடிக்கணினி ஒன்று வாங்கிக் கொடுங்கள். நான் ஒப்புக்கொள்ளும் ஒரே செலவு அது.

எதை எழுதிப் பழகுவது? புத்தகத்தில் இருக்கும் வங்கிக் கணக்கு உதாரணம் வேண்டாம், கொட்டகையையே எழுதச் சொன்னேன். நார்வேயில் டால், நைகார்ட் என்ற இரண்டு கணினி விஞ்ஞானிகள் 1960களில் சிமுலா என்ற கணினி மொழியில் இனக்குழு என்ற யோசனையைக் கொண்டுவந்ததே, நிஜ உலகத்தில் நடக்கும் வேலைகளைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதற்காகத்தான். தறிக்கொட்டகையில் வளர்ந்தவனுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. 'தறி' ஓர் இனக்குழு. நம்பர், பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) நீளம், நெய்த மீட்டர் அதன் பண்புகள். ஓட்டுவது, பாவு ஏற்றுவது அதன் செயல்கள். சாதாத் தறியும் நாடா இல்லாத் தறியும் அதிலிருந்து பிறக்கும் இரண்டு இனக்குழுக்கள், அதுதான் மரபுரிமம். கூலியைக் கணக்கிடு என்று இரண்டிடமும் ஒரே மாதிரிச் சொன்னாலும் ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தன் வழியில் போடும், அது பல்லுருவாக்கம்.

பேச்சு இங்கே வந்தபோது பையன் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தான். ஒன்றரை வருஷமாக ஷிஃப்ட்வாரியாக எந்தத் தறியில் எத்தனை மீட்டர் என்று அவனே கட்டம் போட்டு எழுதி வருகிறான். அப்பாவுக்கு அது தெரியும், ஆனால் அதைப் படிப்போடு சேர்த்துப் பார்த்ததில்லை. "வேற காலேஜ் வேண்டாங் சார், இந்தப் பேப்பர மட்டும் யாராச்சும் புரிய வெச்சாப் போதுங்" என்றான். பெற்றோர் இருவரும் இதைக் கேட்டார்கள். இதற்குமேல் மாமாவின் யோசனைக்கு நான் இடம் கொடுக்கமாட்டேன்.

பணத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ரசீது இல்லாமல் ஒருவர் கையில் கொடுத்த பணத்தை நாளைக்குச் சீட் வேண்டாம் என்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? தறி சோறு போடுகிற பொருள். அதை விற்று, சோறு போடுமா என்று தெரியாத ஒரு சீட்டை வாங்கக் கூடாது. இப்போதுள்ள கல்லூரியில் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகிறது. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது.

எம்.சி.ஏ.யை நம் பக்கம் ஏனோ யாரும் பேசுவதில்லை. முன்பு மூன்று வருஷமாக இருந்தது, 2020இல் இரண்டாகக் குறைத்தார்கள். பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணக்குப் படித்திருந்தால் நல்லது, இவன் படித்திருக்கிறான். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத்தேர்வை எழுத வேண்டும். கலந்தாய்வை நம் கோயமுத்தூர் தடாகம் ரோட்டு அரசு தொழில்நுட்பக் கல்லூரிதான் வழக்கமாக நடத்துகிறது. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் எம்.சி.ஏ. இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி. வேண்டுமென்றால் நிம்செட் என்ற தேர்வு. வேலைக்கு ஆள் எடுக்கும் பல நிறுவனங்கள் பி.ஈ.யையும் எம்.சி.ஏ.வையும் ஒரே வரிசையில்தான் உட்கார வைக்கின்றன. மாமாவுக்கு இதை நானே போனில் சொல்கிறேன் என்று நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பையனும் மறுபடி வந்தார்கள். அக்கா வீட்டு மடிக்கணினியை இரவல் வாங்கி வந்திருந்தான். திரையில் எட்டுச் சிவப்புக் கட்டம். மூன்றாவதை 40 மீட்டர் ஓட்டினான், மறுபடி 40. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, பாவு அறுபது மீட்டர்தானே போட்டிருக்குது, எம்பது எப்படி நெஞ்சுது?" என்று கேட்டார்.

மீட்டரை வெளியிலிருந்து யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி, பாவு தீர்ந்தால் தறி நிற்கும்படி 'ஓட்டு' செயலுக்குள்ளேயே நிபந்தனை எழுதச் சொன்னேன். உறை பொதியாக்கம் என்று அவன் இங்கிலீஷில் ஒப்பித்தது இதைத்தான். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.