தடுப்பாட்டம் அழிகிறதா? – கடிதம்

அன்புள்ள சார்,

2025 சாம்பியன்ஸ் லீக் கால்பந்து அரையிறுதியில் ஸ்பெயினின் பார்சிலோனாவும் இத்தாலியின் இண்டரும் மோதிய இரண்டு ஆட்டங்களையும் மறுபடி பார்த்தேன். முதலில் 3-3, அப்புறம் கூடுதல் நேரத்தில் 4-3. எல்லாரும் கொண்டாடினார்கள், எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு ஆட்டத்தில் பதிமூன்று கோல் என்றால் டிஃபெண்டர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு பந்து விழுந்தால் கையைத் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்க்கிறார்கள். இத்தாலியின் பழைய டிஃபெண்டர்கள் பரேசி, மால்டினி காலத்தில் இப்படி நடந்திருக்குமா? கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் சென்டர் பேக்குக்கு இன்று நன்றாகப் பாஸ் போட வந்தால் போதும். ஆளைப் பிடிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை இத்தாலியின் கியெல்லினியோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?

செ.

அன்புள்ள செ.,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பரேசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வழக்கில் அவர் உங்கள் பக்கத்துச் சாட்சி இல்லை.

நடுக்கோட்டை நோக்கி ஏறி நிற்பது, கையைத் தூக்கி ஆஃப்சைடு (பாஸ் போடும் நேரத்தில் எதிரணி ஆள் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிற்கும் தவறு) கேட்பது, இரண்டையும் உலகம் யாரிடம் கற்றுக்கொண்டது? பயிற்சியாளர் சாக்கியின் ஏசி மிலான் அணியிடம்தான். டசோட்டி, கஸ்டகூர்த்தா, பரேசி, மால்டினி நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல ஏறி இறங்குவார்கள், அந்தக் கயிறு பரேசி கையில் இருந்தது. 1989 ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று அடித்தது இந்த அணிதான். கோலுக்கு முன்னால் இருக்கும் தன் பெனால்டி பெட்டிக்குள் பதுங்கி நின்று ஆளைப் பிடித்ததால் பரேசி பெரிய ஆளாகவில்லை. எதிரணிக்கு ஓட இடமே இல்லாதபடி மைதானத்தைச் சுருக்கினார், அதனால் ஆனார். இன்றைக்குப் பயிற்சியாளர் ஃபிளிக்கின் பார்சிலோனா செய்வது அதன் தொடர்ச்சிதான்.

ஆனால் பரேசிக்கு இருந்த வசதிகள் இன்றைய டிஃபெண்டருக்கு இல்லை, இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. 1990 வரை ஃபார்வர்ட் டிஃபெண்டருக்கு நேர்கோட்டில் நின்றாலே ஆஃப்சைடு. இப்போது நேர்கோட்டில் நிற்பவர் சட்டப்படி சரி, ஆட்டத்தில் தலையிடாமல் சும்மா நிற்பவருக்குக் கொடியும் தூக்குவதில்லை. 1992 வரை நெருக்கடி வந்தால் பந்தைக் கோல்கீப்பர் கைக்குத் தள்ளிவிடலாம், அவர் எடுத்து மூச்சு வாங்கிக்கொள்வார். அந்த வருடம் அதைத் தடை செய்தார்கள். 1998 உலகக் கோப்பையில் பின்னாலிருந்து காலை வெட்டும் டேக்கிளுக்குச் சிவப்பு அட்டை காட்டச் சொல்லி நடுவர்களுக்கு உத்தரவு போனது. கடைசியில் விஏஆர், அதாவது வீடியோ பார்த்து நடுவர் முடிவைச் சரிபார்க்கும் முறை. பெட்டிக்குள் சட்டையைப் பிடித்து இழுப்பது ஒரு தலைமுறைக்கே அன்றாட வேலை, இன்றைக்கு அது எந்த நிமிடமும் பெனால்டி ஆகலாம். இத்தனையும் போன பிறகு அதே அளவு முன்னேறி வரிசை கட்டி நிற்கிறவனைத் திறமை இல்லாதவன் என்று எப்படிச் சொல்வது?

2024 அக்டோபரில் மாட்ரிட்டில் பார்சிலோனா 4-0 என்று வென்ற ஆட்டத்தைப் பாருங்கள். ரியல் மாட்ரிட்டின் எம்பாப்பே திரும்பத் திரும்ப ஆஃப்சைடில் மாட்டினார், போட்ட கோலும் செல்லவில்லை. அவரை அப்படி மாட்டவைத்த சென்டர் பேக் ஜோடியில் ஒருவர் பதினேழு வயது குபார்சி, இன்னொருவர் அனுபவஸ்தர் இனியிகோ மார்ட்டினெஸ். எப்போது ஏறுவது, எப்போது ஓடி இறங்குவது என்று தடுப்பு வரிசையை நடத்தியவர் மார்ட்டினெஸ். 2025 ஆகஸ்டில் அவர் சவுதிக்குப் போனார். அதே பயிற்சியாளர், அதே திட்டம், ஆனால் அக்டோபரில் செவில்லா நாலு கோல் போட்டது, நவம்பரில் கிளப் ப்ரூஜ் மூன்று போட்டது. ஒரே ஒருவர் போனதற்கே இவ்வளவு ஆட்டம் காண்கிறது என்றால் அங்கே ஒரு கலை இருந்தது என்றுதானே அர்த்தம்.

சரி, உங்கள் நியாயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன அரையிறுதியிலேயே மிலான் நகரில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில், தொண்ணூறு நிமிடம் தாண்டி, பார்சிலோனா 3-2 என்று முன்னே நிற்கும்போது இண்டரின் அசெர்பி கோல் போடுகிறார். முப்பத்தேழு வயது சென்டர் பேக். வலப்பக்கத்திலிருந்து டம்ஃப்ரீஸ் பந்தைத் தள்ளுகிறார், அசெர்பி தன் ஆளை முந்திக்கொண்டு வந்து அடிக்கிறார். அந்த இடத்தில் வரிசையை ஏற்றுவது, சுருக்குவது எதுவும் உதவாது. தோளால் உணர்ந்து, பந்தையும் ஆளையும் ஒரே பார்வையில் வைத்து, அரை அடி முன்னால் நிற்க வேண்டும். அது தவறியது. இந்த ஒன்று குறைந்துவிட்டது என்பதை நானும் மறுக்கவில்லை, பார்க்கும்போது எனக்கும் வலிக்கிறது. கியெல்லினியே 2017இல், பயிற்சியாளர் கார்டியோலாவின் பாஸ் பாணி இத்தாலிய டிஃபெண்டர்களின் ஒரு தலைமுறையைக் கெடுத்துவிட்டது, பாஸ் போடத் தெரிகிறது, ஆளைப் பிடிக்கத் தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். பயிற்சி நேரம் முழுக்கப் பின்னாலிருந்து பந்தைக் கட்டி எழுப்புவதற்கே போனால் பெட்டிக்குள் நிற்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? ஆனால் கார்டியோலாவே 2023இல் மான்செஸ்டர் சிட்டியோடு மூன்று கோப்பைகளை வென்றபோது டியாஸ், அகாஞ்சி, அக்கே, ஸ்டோன்ஸ் என்று நாலு சென்டர் பேக்குகளை ஒன்றாக இறக்கினார் என்பதையும் மறக்கக் கூடாது.

கியெல்லினியோடு முடிந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 2019 மார்ச்சில் லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் 1-1 என்று இருக்கும்போது டாட்டன்ஹாமின் சிசோக்கோவும் சன்னும் ஓடி வருகிறார்கள், எதிரே லிவர்பூலின் வான் டைக் மட்டும். அவர் பாயவே இல்லை. பின்னாலேயே நகர்ந்து சன்னுக்குப் போகும் பாதையை உடம்பால் மறைத்து, சிசோக்கோ தன் பலவீனமான இடது காலால் அடித்தே ஆகவேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தார். பந்து கம்பத்துக்கு மேலே போனது. 2022 உலகக் கோப்பையில் மொராக்கோ அரையிறுதி வரை வாங்கியது ஒரே ஒரு கோல், அதுவும் சொந்த கோல். போர்ச்சுகலுக்கு எதிராக அகெர்ட் இல்லை, மஸ்ராவி இல்லை, கேப்டன் சாய்ஸை நடுவிலேயே ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள், அப்படியும் 1-0ஐக் காப்பாற்றினார்கள். எனக்குப் பல இறுதிப் போட்டிகளைவிட அந்த ஆட்டம் பெரியது.

கோல் கணக்கையும் பார்த்துவிடலாம். 64 ஆட்டங்கள் கொண்ட உலகக் கோப்பைகளில் 1998இல் 171 கோல், 2014இல் 171, 2018இல் 169, 2022இல் 172. பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்து லீக்கில் 2023-24இல் 1246 என்று எகிறியது உண்மைதான், ஆனால் அதே பருவத்தில் அர்செனல் 38 ஆட்டத்தில் வாங்கியது 29தான்.

அங்கேதான் உங்களுக்குப் பிடித்த விஷயம் திரும்பி வருகிறது என்றும் நினைக்கிறேன். கார்னர், நீளமான த்ரோ-இன் எல்லாம் இங்கிலாந்தில் மறுபடி ஆட்டங்களைத் தீர்மானிக்கின்றன. பெட்டிக்குள் ஆளோடு மல்லுக்கட்டத் தெரியாத சென்டர் பேக்கை வைத்துக்கொண்டு இனி எந்த அணியும் தாக்குப்பிடிக்க முடியாது. அடுத்த முறை அர்செனல் ஆட்டம் வரும்போது பந்தை விட்டுவிட்டு அதன் சென்டர் பேக் ஜோடி கேப்ரியேலையும் சலீபாவையும் மட்டும் ஒரு பாதி முழுக்கப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.