எட்டு மாத்திரை ஒரே நேரத்தில் ஏன்? – கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு மாரடைப்பு. ஆஞ்சியோபிளாஸ்டிக்கு (ரத்தக்குழாய் அடைப்பைப் பலூனால் விரிக்கும் சிகிச்சைக்கு) முன் குளோபிடோக்ரெல் 75 மி.கி. மாத்திரை எட்டு கொடுத்தார்கள். இப்போது தினமும் ஒன்றுதான். தவறுதலாகக் கொடுத்துவிட்டார்களா டாக்டர்?

பதில்: இல்லைம்மா, அது சரியான அளவுதான். 600 மி.கி. லோடிங் டோஸ், அதாவது மருந்து சீக்கிரம் வேலை செய்ய முதலில் மொத்தமாகக் கொடுக்கும் அளவு. ரத்தத் தட்டணுக்கள் திரளாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல், கல்லீரலில் மாற்றமடைந்த பிறகுதான் வேலை செய்யும். தினம் ஒன்று என்று ஆரம்பித்தால் முழுப் பலன் வரப் பல நாள் ஆகும், 600 மி.கி.க்குச் சில மணி நேரம் போதும். பலூன் விரியும்போது ரத்தக்குழாயின் உட்சுவர் காயப்படுகிறது, குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழலான ஸ்டென்டும் அங்கேயே உட்காருகிறது. தட்டணுக்கள் அந்த இடத்தில்தான் திரண்டு ரத்தக்கட்டியாகும். முதல் சில நாள் மிக ஆபத்தானவை. 2010-இல் வெளியான கரன்ட்-ஓயாசிஸ் 7 ஆய்வில், 600 மி.கி. கொடுத்து ஒரு வாரம் தினமும் 150 மி.கி. தொடர்ந்தபோது, ஆஞ்சியோபிளாஸ்டி செய்தவர்களுக்கு ஸ்டென்ட் அடைப்பு குறைந்தது, ரத்தக்கசிவு கூடியது. இரண்டையும் எடைபோட்டுத்தான் அளவை முடிவு செய்கிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. மாரடைப்புக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, ஒரே ஒரு மாத்திரைதான் கொடுத்தார்கள்.

பதில்: அதுவும் சரியே. அந்த ஊசியோடு 75 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குளோபிடோக்ரெல் 300 மி.கி. கொடுப்போம். வயது கூடியவர்களுக்கு மூளையில் ரத்தம் கசியும் அபாயம் அதிகம், அதனால் 75 மி.கி. மட்டும்.

கேள்வி: டிகாக்ரெலார் சாப்பிட்டால் மூச்சு வாங்குகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. குளோபிடோக்ரெல் போலவே தட்டணுக்களைத் தடுக்கும் இந்த மருந்தில் பலருக்கு இப்படி வரும், பெரும்பாலும் தானே தணியும். ஆனால் மாரடைப்புக்குப் பிறகு வரும் மூச்சுத்திணறல் இதயம் பலவீனமானதாலும் இருக்கலாம். மருந்துதான் காரணம் என்று நீங்களே முடிவுகட்டாமல் உடனே போய்க் காட்டுங்கள். தேவைப்பட்டால் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். அதுவரை 90 மி.கி. காலை, இரவு இரண்டு வேளையும் தவறாமல் போடுங்கள். தட்டணுக்கள் மேல் இதன் பிடி சீக்கிரம் தளர்ந்துவிடும். கூடவே போடும் ஆஸ்பிரின் 100 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

கேள்வி: எனக்கு முன்பு பக்கவாதம் வந்தது. பிரசுக்ரெல் எடுக்கலாமா?

பதில்: கூடாது. அதுவும் தட்டணுக்களைத் தடுக்கும் மருந்துதான், ஆனால் பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆகாது. பழைய சீட்டில் அது இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம். பல் பிடுங்க மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள்.

பதில்: இதைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது. மாரடைப்புக்குப் பிறகு ஆஸ்பிரின், அதோடு மேலே சொன்ன வகை மாத்திரை ஒன்று என இரண்டும் வழக்கமாக ஓராண்டு வேண்டும். பல் ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியோ தையல் போட்டோ நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பல் மருத்துவரை உங்கள் இதய மருத்துவரோடு பேசச் சொல்லுங்கள். அதுவரை ஒரு வேளைகூட விடாதீர்கள்.