பன்னிரண்டரைச் சுற்று: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் தண்டையார்பேட்டையைச் சேர்ந்த கல்லூரி மாணவன். விடியற்காலையில் திருவொற்றியூர் கடலோரச் சாலையில் ஓடிப் பழகியவன். 5 கிலோமீட்டரை 18 நிமிடத்தில் ஓடிவிடுவேன். இப்போது கல்லூரி அணிக்காக 5,000 மீட்டர் ஓட்டத்தில் என் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். டிராக்கில் இதுவரை போட்டியிட்டதில்லை. எப்படித் தயாராவது?

பதில்: சாலையில் 18 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு உடல் வலு ஏற்கெனவே இருக்கிறது, இனிப் பழக வேண்டியது வேகத்தைப் பங்கிடும் முறைதான். 400 மீட்டர் ஓடுதளத்தில் 5,000 மீட்டர் என்பது பன்னிரண்டரைச் சுற்று ஆகையால், ஓட்டம் முடிவுக்கோட்டுக்கு 200 மீட்டர் முன்னால், எதிர்ப்புறத்தில் தொடங்கும். உங்கள் 18 நிமிடத்தைப் பிரித்தால் சுற்றுக்கு 86 வினாடிக்குச் சற்று மேல் வருகிறது. ஆகவே முதன்முறையாக முடிவுக்கோட்டைக் கடக்கும்போது 43 வினாடி ஆகியிருக்க வேண்டும். அப்போது மீதமுள்ள சுற்றுகளைக் காட்டும் சுற்றுப் பலகையில் 12 என்ற எண் தெரியும்.

இந்த 43-ஐ மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு வளைவுக்குள் நுழைவார்கள். அந்த அலையில் நீங்களும் இழுபட்டு 37 வினாடியில் கோட்டுக்கு வந்துவிட்டால், அந்த நேரத்தில் எந்தச் சிரமமும் தெரியாது. இன்று உடம்பு நன்றாக இருக்கிறது என்றுகூடத் தோன்றும். ஆனால், மூச்சின் வழியாகக் கிடைக்கும் ஆக்சிஜன் தாங்கும் அளவுக்கு மேல் தசைகள் உழைக்கும்போது அவற்றில் அமிலத்தன்மை ஏறுகிறது. வேகத்தைக் கணிசமாகக் குறைத்தாலன்றி அது இறங்காது. முதல் அரைச் சுற்றில் பெற்ற ஆறு வினாடியை எட்டாம், ஒன்பதாம் சுற்றுகளில் பல மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்களும் இதே கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள். உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 2020-இல் வலென்சியாவில் 10,000 மீட்டரை 26 நிமிடம் 11 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது, முதல் பாதிக்கு 13 நிமிடம் 8 வினாடியும், இரண்டாம் பாதிக்கு 13 நிமிடம் 3 வினாடியும் எடுத்துக்கொண்டார்.

பயிற்சியைப் பொறுத்தவரை, வாரத்தில் ஒரு நாள் 400 மீட்டரைப் பத்து முறை, ஒவ்வொன்றையும் 86 வினாடியில், இடையே 200 மீட்டர் மெல்ல ஓடி இளைப்பாறிச் செய்யுங்கள். 80 வினாடியில் முடித்துவிட்டு மகிழ்வது இந்தப் பயிற்சியின் நோக்கத்தையே கெடுக்கும். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் சென்றால் நேரு விளையாட்டரங்கம் அருகில்தான். சிந்தெடிக் டிராக்கில் ஓட அனுமதி பெறும் வழியை உங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் கேளுங்கள். எப்போதும் இடப்புறமாகவே வளைந்து ஓடுவதால், சாலையில் பழகியவர்களுக்குத் தொடக்கத்தில் கணுக்காலும் முன்காலும் வலிக்கக்கூடும். எனவே, டிராக் பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

கேள்வி: அண்மையில் ஒரு 10,000 மீட்டர் போட்டியில், மணி அடித்ததும் எனக்கும் கடைசிச் சுற்று என்று நினைத்து முழு வேகத்தில் ஓடி முடித்தேன். இன்னும் ஒரு சுற்று பாக்கி என்று நடுவர் சொன்னபோது கால்கள் நகரவில்லை. இது யார் தவறு? – காசிமேடு வாசகர்

பதில்: சுற்றுப் பலகை முதலில் ஓடுகிறவருக்கானது. மணி ஒவ்வொருவரின் கடைசிச் சுற்றுக்கும் அடிக்கப்படும் என்பதால், முதலில் ஒலிக்கும் மணியும் அவருக்கானதுதான். முதலில் ஓடுகிறவரிடம் ஒரு சுற்று பின்தங்கிவிட்டால், உங்கள் கணக்கு பலகையில் காட்டும் எண்ணைவிட ஒன்று கூடுதல். ஒவ்வொரு ஓட்டக்காரரின் சுற்றையும் எண்ணிக் குறித்துக்கொள்ள ஆட்கள் இருப்பார்கள். உங்கள் எண்ணைக் குறிப்பவர் யார் என்பதை ஓட்டம் தொடங்குமுன் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ள விதி தடை செய்வதில்லை. முடிவுக்கோட்டைக் கடக்கும்போதெல்லாம் அதன் பொத்தானை அழுத்தி வந்தால் சுற்றும் நேரமும் உங்கள் கையிலேயே இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் ஓடுகிறவரை முந்த வேண்டுமானால் நேர்ப்பகுதியில் முந்துங்கள். வளைவுகளில் இரண்டாம் பாதையிலேயே ஓடினால் சுற்றுக்கு ஏறத்தாழ 7 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டிவரும். நான்கு சுற்று அப்படி ஓடினால் 28 மீட்டர் போய்விடும். அதற்காக உள்விளிம்பை ஒட்டி நெருக்கடியில் மாட்டிக்கொள்வதும் ஆபத்துதான். புதுக்கோட்டை கோ. லட்சுமணன் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓடுபாதையின் உட்புறத்தில் கால் வைத்ததற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டு வெண்கலப் பதக்கத்தை இழந்தார். அதற்கு முந்தைய ஆண்டு புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர் அவர். அந்தப் பதக்கம் பறிபோனதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

கேள்வி: கால்பந்து ஆடிக்கொண்டிருந்த என் 15 வயது மகள், பள்ளி பி.டி. டீச்சர் சொல்லி 3,000 மீட்டர் ஓடுகிறாள். சில வாரங்களாகச் சீக்கிரம் களைத்துப்போகிறாள். உடம்பு மெலிந்தால்தான் வேகம் வரும் என்று சாப்பாட்டையும் குறைக்கிறாள். – ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: அம்மா, சாப்பாட்டைக் குறைப்பதை முதலில் நிறுத்துங்கள். வளரும் வயதில் ஓடும் பெண்ணுக்கு மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகவே உணவு வேண்டும். பயிற்சிக்கேற்ற உணவு இல்லாவிட்டால் மாதவிலக்கு தள்ளிப்போகும், எலும்பு வலுவிழந்து விரிசல் விடும், வேகமும் குறையும். களைப்புக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். நம் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல், முருங்கைக்கீரை ஆகியவற்றை அடிக்கடி கொடுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதால், டீயை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

வியாசர்பாடியில் பந்தாடும் பிள்ளைகளின் கால்களில் நெடுந்தூர ஓட்டத்துக்கான வலு நிறையவே இருக்கிறது. உங்கள் மகளின் ஆசிரியை அதைக் கண்டுகொண்டு டிராக்குக்கு அனுப்பியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது.

கேள்வி: சாலை மாரத்தானுக்கு வாங்கிய தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவை டிராக் போட்டியில் அணியலாமா? – மாதவரம் வாசகர்

பதில்: உலகத் தடகள விதிப்படி அணிய முடியாது. சாலை ஓட்டத்தில் அடிப்பாகத்தின் தடிமன் 40 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். டிராக் போட்டிகளுக்கு 2024 நவம்பர் முதல் 20 மில்லிமீட்டர்தான் உச்சவரம்பு. ஸ்பைக்ஸ் எனும் ஆணி வைத்த ஷூ வாங்குவதானால், சிந்தெடிக் டிராக்கில் ஆணியின் நீளம் 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. புது ஸ்பைக்ஸைப் போட்டி நாளில் முதன்முறையாக அணியாதீர்கள். மெல்லிய அடிப்பாகத்தில் கெண்டைக்கால் சதைக்கு வேலை கூடுவதால், சில வாரங்கள் முன்பிருந்தே குறைந்த தூரத்துக்கு அணிந்து பழகுங்கள்.