தேதி, எண் வடிவமைப்பு: கேட்டதும் சொன்னதும்

பில்லிங் மென்பொருள் எழுதுவதுதான் என் தினப்படி வேலை. தேதியோடும் கமாவோடும் அதிகம் மல்லுக்கட்டியவள் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன.

அக்கா, சொந்தமாக ஒரு சின்ன நிரல்மொழி எழுதுகிறேன். தேதியை எழுத்தாக மாற்ற ஒரே ஃபங்ஷன் போதுமா?

போதாது தம்பி. இரண்டு வையுங்கள், பெயரும் வேறு வேறாக இருக்கட்டும். ஒன்று கோப்புக்கும் டேட்டாபேஸுக்கும்: ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தேதி முறையில் 2024-12-30 என்று, எந்த ஊர் கணினியில் ஓடினாலும் மாறக் கூடாது. மற்றது மனிதர் படிக்க. அது ஊருக்கு ஊர் மாறும், நாளைக்கும் மாறலாம். 2023இல் ஜாவா நிரல்மொழியின் 20ஆம் பதிப்பு வந்தபோது, அமெரிக்க ஆங்கில நேரத்தில் பி.எம். என்பதற்கு முன்னால் இருந்த சாதாரண ஸ்பேஸ், யூனிகோட் என்ற எழுத்துத் தரநிலையில் உள்ள ‘குறுகிய பிரியா இடைவெளி’ என்ற வேறொரு குறியாக மாறியது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பழைய ஸ்பேஸோடு வந்த நேரத்தைப் படிக்க முடியாமல் நிரல்கள் விழுந்தன. மனிதருக்கான எழுத்தைத் திரும்ப நிரலுக்குள் படிக்க விடாதீர்கள்.

தேதியின் வடிவத்தைச் சொல்ல நாள், மாதம், வருடத்துக்கு ஆங்கில எழுத்துக் குறிகள் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று மட்டும் வேறுபடுத்தாதீர்கள். ஜாவாவில் சின்ன ஒய் நாலு (yyyy) போட்டால் நாம் நினைக்கும் வருடம். பெரிய ஒய் (YYYY) போட்டால் அந்த வாரம் எந்த வருடக் கணக்கில் சேருகிறதோ அந்த வருடம். 2024 டிசம்பர் 30 திங்கட்கிழமை. அந்த வாரம் 2025இன் முதல் வாரம். அதனால் பெரிய ஒய் போட்டிருந்த எங்கள் பில்லில் 30-12-2025 என்று அச்சானது! வருடம் முழுக்க எல்லா டெஸ்ட்டும் பாஸ். வாரக் கணக்கு வேண்டியவருக்கு முழுப்பெயரில் தனி ஃபங்ஷன் கொடுங்கள்.

கோ என்ற நிரல்மொழியில் எழுத்துக் குறிகளுக்குப் பதில் மாதிரித் தேதியையே எழுதிக் காட்டுகிறார்களே?

ஆமாம், 2006 ஜனவரி 2, மாலை 3:04:05. அமெரிக்க வரிசையில் மாதம் 1, நாள் 2, மணி 3, நிமிடம் 4, நொடி 5, வருடம் 06. யோசனை எனக்குப் பிடிக்கும், தேர்ந்தெடுத்த எண்கள்தான் பிடிக்கவில்லை. நாள்-மாதம் என்ற நம் பழக்கத்தில் 01-02-2006 என்று எழுதினால் மாதம் முன்னால் வந்துவிடும். 12ஆம் தேதி தாண்டும் வரை யார் கண்ணிலும் படாது. மாதிரி நாள் 12க்கு மேல் இருந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

லட்சம், கோடி கமா ஏன் பல இடங்களில் வருவதில்லை?

மூன்று மூன்றாகப் பிரிப்பதே உலக வழக்கம் என்று நினைத்து வடிவமைத்ததால். பைதானில் கமா கேட்டால் 1,234,567தான் வரும். ஜாவாவில் எண்ணை வடிவமைக்கும் டெசிமல்ஃபார்மேட்டில் #,##,##0 என்று எழுதினாலும், கடைசிக் கமாவுக்கு அப்புறம் உள்ள இலக்கங்களை மட்டும் எண்ணிக்கொண்டு மற்றதை விட்டுவிடும். நமக்கு வேண்டியது 12,34,567: கடைசியில் 3, அப்புறம் 2, 2. ஆகவே குழு அளவு ஒரு எண்ணாக இல்லாமல் இரண்டாக இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இந்திய லோகேல் (எந்த ஊர் வழக்கம் என்று சொல்லும் குறி) கொடுத்தால் சரியாக வருகிறது.

அப்படியானால் தமிழ் என்று சொன்னாலே லட்சக் கமா போட்டுவிடலாமா?

கூடாது. சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கு ஊர் ஊரான எழுத்து, எண், தேதி வழக்கங்களைத் தொகுத்த யூனிகோடின் சி.எல்.டி.ஆர். தரவு மூன்று மூன்றாகத்தான் பிரிக்கிறது. அங்கே வாழும் தமிழர் அப்படித்தான் எழுதுகிறார்கள். மொழியும் நாடும் சேர்ந்ததுதான் லோகேல்.

தமிழ் எண்கள்?

கேட்பவருக்குக் கொடுங்கள், தானாகப் போடாதீர்கள். அதிலும் இரண்டு வகை உண்டு: இடமதிப்பில் ௨௦௨௪, பழைய முறையில் ௨௲௨௰௪. முதல் வகைக்குப் பத்து எழுத்தை மாற்றினால் முடிந்தது. இரண்டாவதற்குத் தனியாக நிரல் எழுத வேண்டும்.